சிஜிசி டெஸ்ட்டுக்கு நாயைத் தயார் பண்ண சோக் செயினா, ட்ரீட்டா, கிளிக்கரா, இல்ல போர்டிங்கா?

அமெரிக்கால நாய் வளர்க்குற நம்மாளு சொன்ன பேச்சைக் கேக்கப் பழக்குற ஒபீடியன்ஸ் கிளாஸ்ல சேர்ந்து, கடைசில சிஜிசி டெஸ்ட் இருக்கு (கேனைன் குட் சிட்டிசன், நாய் நாலு பேர் நடுவுல ஒழுங்கா நடந்துக்குதான்னு பாக்குற டெஸ்ட்), எப்படித் தயார் பண்றதுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ஊர்ல அல்சேஷன் வளர்த்த மாமா, இழுத்தா கழுத்தை இறுக்குற சோக் செயின் போட்டு ரெண்டு சுண்டு சுண்டினா எல்லாம் தானா வரும்பார். கிளாஸ் எடுக்குற டிரெய்னர் இடுப்புல ட்ரீட் பை கட்டிக்கிட்டு நிப்பாங்க. யூடியூப் பாத்துட்டு வர்ற ஃப்ரெண்டு, அமுக்கினா டக்குன்னு சத்தம் வர்ற கிளிக்கர் வாங்குன்னுவான், காசு இருக்குறவங்க ரெண்டு வாரம் டிரெய்னர் இடத்துலயே தங்க வைக்குற போர்டிங்ல விட்டுடு, அவங்களே பழக்கித் தந்துடுவாங்கன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. பொதுவா பேசினா நாலும் சரியாத்தான் தெரியும், டெஸ்ட் ரூல்ஸைப் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் எது எங்க சறுக்கும்னு புரியும்.

சிஜிசிங்குறது நாய் இனங்களைப் பதிவு பண்ற அமெரிக்கன் கென்னல் கிளப் 1989ல ஆரம்பிச்சது. ஜாதி நாய், கலப்பு நாய், ஷெல்டர்ல இருந்து எடுத்தது எல்லாத்துக்கும் உண்டு. மொத்தம் 10 ஐட்டம், பத்துலயும் பாஸ் ஆகணும், ஒம்பது சூப்பரா பண்ணி ஒண்ணுல போச்சுன்னா போச்சுதான். முக்கியமான ரூல் என்னன்னா டெஸ்ட் நடக்கும்போது ட்ரீட் கூடாது, பொம்மை கூடாது, வாயால பாராட்டலாம், தட்டிக் கொடுக்கலாம் அவ்வளவுதான். முள்ளு வச்ச பிராங் காலர், ஷாக் காலர், மூக்குல மாட்டுற ஹெட் ஹால்டர் மூணும் அனுமதி இல்ல. சோக் செயின், இழுத்தா இறுகுற ஸ்லிப் காலர் கணக்குல வர்றதால அதுக்குத் தடை இல்ல, ஆனா அதை வெடுக்குன்னு இழுத்துத்தான் நாயை அடக்கி வச்சிருக்கீங்கன்னா அதை டெஸ்ட் எடுக்குறவர் பாஸ்னு எழுத மாட்டார்.

சோக் செயினை முதல்ல முடிச்சிடுறேன், ஏன்னா என் கணக்குல அது லிஸ்ட்லயே இல்ல. வில்லியம் கோலர்னு ஒருத்தர், டிஸ்னி படங்களுக்கு விலங்குங்க பழக்கினவர், 1960கள்ல இந்த முறையை அமெரிக்கால பெரிய அளவுல பரப்பினார். வேலை செய்யாதுன்னு சொல்லவே முடியாது, லீஷ், அதான் நாயைப் பிடிக்குற கயிறு, அதை இழுக்காம நடக்குற ஐட்டம் இதுல வேகமா வந்துடும். சிக்கல் எட்டாவது ஐட்டத்துல. எதிர்ல ஒருத்தர் நாயோட வருவார், நீங்க நின்னு கைகுடுத்து ரெண்டு வார்த்தை பேசணும், உங்க நாய் பாத்துட்டு சும்மா இருக்கணும். இன்னொரு நாயைப் பாக்கும்போதெல்லாம் கழுத்துல சுண்டு வாங்கின நாய் என்ன கத்துக்கும், இன்னொரு நாய் வந்தா எனக்கு வலிக்கும்னுதான் கத்துக்கும், அப்புறம் தூரத்துல பாத்தவுடனே குலைக்க ஆரம்பிக்கும். டெஸ்ட்ல உறுமினா, கடிக்கப் பாஞ்சா அங்கயே வெளில அனுப்பிடுவாங்க. விலங்கு நடத்தை பாக்குற அமெரிக்க வெட்னரி டாக்டர்கள் சங்கம் 2021ல விட்ட அறிக்கையில எல்லா நாய்க்கும் பரிசு குடுத்துப் பழக்குற முறைதான்னு நேரடியா சொல்லிட்டாங்க. மாமாகிட்ட இதைச் சொன்னா எங்க காலத்துல சங்கமா இருந்துச்சும்பார், அது வேற விஷயம்.

அடுத்து ட்ரீட். கிளாஸ்ல பாதிக்கு மேல இதுதான் ஓடுது. மூக்குகிட்ட ட்ரீட்டை வச்சு மெல்ல தலைக்கு மேல பின்பக்கமா கொண்டுபோனா மூக்கு மேல போகும், பின்பக்கம் தானா தரையில உக்காரும். இயன் டன்பார்ங்குற வெட்னரி டாக்டர் 1980கள்ல குட்டி நாய்ங்களுக்குன்னு கிளாஸ் நடத்தி இதைப் பிரபலமாக்கினார். குழந்தைங்க கூட பண்ணலாம், நாய்க்கு பயமே இல்ல, டெஸ்ட் எடுக்குறவர் வந்து காதைப் பாக்குறது, சீப்பால வாருறது, முன்னங்கால் ரெண்டையும் தூக்கிப் பாக்குறது எல்லாத்தையும் ஜாலியா ஏத்துக்கும்.

ஆனா இதுல ஒரு பொறி இருக்கு, டெஸ்ட்ல ஃபெயில் ஆகுற நாய்ங்க நிறைய இங்கதான் சறுக்குது. வாரக்கணக்குல கையில ட்ரீட்டைக் காட்டியே உக்கார வச்சீங்கன்னா நாய்க்கு அந்த ட்ரீட் தெரியுறதுதான் கட்டளை, நீங்க வாயில சொல்றது சும்மா பின்னணி சத்தம். டெஸ்ட் அன்னிக்கு வெறுங்கையோட உக்காருன்னா, ட்ரீட் எங்கன்னு கையையே மோந்து பாக்கும். அதனால அசைவு பிடிபட்ட உடனே, ஒரு வாரம் கூட தாண்ட விடாம, அதே கை அசைவை வெறுங்கையால காட்டுங்க, உக்காந்ததும் ட்ரீட் வேற இடத்துல இருந்து வரணும், பாக்கெட், மேஜை, ஃப்ரிட்ஜ் மேல எங்கயாவது. அப்புறம் எல்லா தடவையும் குடுக்காம எப்போ வரும்னு தெரியாத மாதிரி குடுங்க, லாட்டரி டிக்கெட் வாங்குறவன் நிறுத்தாத மாதிரி அதுவும் நிறுத்தாது. திங்குறது மட்டும்தான் பரிசுன்னு இல்ல, கதவைத் திறக்குறது, மரத்தடியில போய் மோந்து பாக்க விடுறது எல்லாமே பரிசுதான், டெஸ்ட்டுக்கு இதுதான் ரொம்ப உதவும்.

கிளிக்கர் பத்தி எனக்கு ரெண்டு மனசு. அறிவியல் சுத்தமானது, கேரன் ப்ரையர் 1960கள்ல ஹவாய்ல டால்ஃபினுக்கு விசில் ஊதிப் பழக்கினவங்க, பின்னாடி அதே யோசனையை நாய்க்காரங்ககிட்ட கொண்டுவந்தவங்கள்ல முக்கியமானவங்க. டக்குன்னு ஒரு சத்தம், இப்ப நீ பண்ணினதுதான் சரின்னு அந்த நொடியைக் குறிச்சுக் குடுக்குது, பின்னாடியே தீனி. கால் பிடிக்க விடாத நாய்க்கு, கால் லேசா தொட்டதும் கிளிக், அரை நொடி பிடிச்சதும் கிளிக்னு படி படியா ஏத்த இதுமாதிரி இன்னொண்ணு இல்ல. ஆனா ஒரு கையில லீஷ், ஒரு கையில கிளிக்கர், ட்ரீட் எடுக்க மூணாவது கை வேணும். கிளாஸ்ல பக்கத்துல இருக்குறவர் கிளிக் பண்ணினா உங்க நாய் உங்களைப் பாக்கும், சில பயந்த நாய்ங்க அந்தச் சத்தத்துக்கே சோஃபா அடியில போயிடும். அதனால பெரும்பாலானவங்களுக்கு நான் சொல்றது, கிளிக்கர் வேணாம், யெஸ்னு ஒரே குரல்ல ஒரே மாதிரி சொல்லுங்க, வேலை நடக்கும். நொடி தவறாம சொல்றதுதான் விஷயம், எதால சொல்றீங்கன்னு இல்ல.

போர்டிங்ல விடுறது காசும் ஜாஸ்தி, அங்க எப்படிப் பழக்குறாங்கன்னு நீங்க பாக்கவும் முடியாது. அதை விடுங்க, டெஸ்ட்ல லீஷைப் பிடிக்கப் போறது நீங்கதானே. பழக்கினவர் கூட கச்சிதமா நடக்குற நாய் வீட்டுக்கு வந்ததும் உங்களைப் பழையபடி இழுத்துட்டுப் போகும். வேலைல நேரமே இல்லன்னா அனுப்புங்க, ஆனா திருப்பிக் கூட்டி வரும்போது நீங்களும் கூட நின்னு கத்துக்குற கிளாஸ் சேர்த்துக் கேட்டு வாங்குங்க.

இந்த நாலும் தொடாத ஒண்ணு பத்தாவது ஐட்டம். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் கையில லீஷைக் குடுத்துட்டு 3 நிமிஷம் கண்ணுக்குத் தெரியாம போயிடணும், நாய் விடாம குலைக்கவோ அழவோ கூடாது. வீட்ல இருந்தே வேலை பாக்குறவங்க நாய்க்கு இது மலை மாதிரி, ஏன்னா அது தனியா இருந்ததே இல்ல. முதல்ல 10 செகண்ட், அப்புறம் அரை நிமிஷம்னு ஃப்ரெண்டுங்க கையில குடுத்துப் பழக்கணும், வேற குறுக்கு வழி இல்ல. ஒன்பதாவது ஐட்டத்துல திடீர்னு நாற்காலி விழும், இல்ல ஒருத்தர் குறுக்க ஓடுவார், அதுக்கு நம்ம வீடு ரொம்ப வசதி, எவர்சில்வர் தட்டு இருக்கு, குக்கர் விசில் இருக்கு. தட்டை முதல்ல தூரத்துல மெல்ல வைங்க, நாய் கண்டுக்கலன்னா கொஞ்சம் கிட்ட, கொஞ்சம் சத்தமா. சொன்ன இடத்துலயே நாய் அசையாம இருக்க வேண்டிய ஸ்டே ஐட்டத்துக்கு 20 அடி கயிறு கட்டி, அது முடியுற வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வரணும், வீட்டு ஹால்ல அந்த நீளம் வராது, பார்க்கிங் லாட் போங்க. கட்டளையையும் வீட்ல எல்லாரும் பேசி முடிவு பண்ணுங்க, பாட்டி உக்காருடா கண்ணாங்குறதும் பையன் சிட்டுங்குறதும் சேர்ந்து ஓடினா பாவம் அது.

ஆக ட்ரீட் வச்சுக் கத்துக் குடுத்து, யெஸ் சொல்லிக் குறிச்சு, சீக்கிரமே கையைக் காலி பண்ணுறதுதான் என் ஓட்டு. கால் காது தொட விடாத நாய்க்கு மட்டும் கிளிக்கரைச் சேத்துக்கோங்க. டெஸ்ட் அன்னிக்கு ட்ரீட் பையைக் கார்லயே வச்சிடுங்க, பழக்க தோஷத்துல கை பாக்கெட்டுக்குப் போகும். அப்புறம் உள்ள போறதுக்கு முன்னாடி நல்லா நடக்க விட்டு ஒண்ணுக்கு ரெண்டுக்கு முடிச்சுட்டுக் கூட்டிப் போங்க, ஏன்னா டெஸ்ட் நடுவுல ஒண்ணுக்குப் போனாலும் ஃபெயில்தான், அந்தப் பத்தாவது ஐட்டம் கட்டடத்துக்கு வெளில நடந்தா மட்டும்தான் அதுல விலக்கு.