டியூஸ் ரோட்ஸ்டருக்கு எந்த பாடி: பழைய தகரமா, புதுத் தகரமா, ஃபைபரா?

'டியூஸ்' என்று அழைக்கப்படும் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரை (நிலையான கூரை இல்லாத திறந்த கார்) பழைய பாணியில் ஹாட் ராடாக, அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய காராகக் கட்டப் போகிறவர்கள் இன்ஜினைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள். பணமும் நாளும் கரைவது என்னவோ பாடியில்தான். இந்தக் காருக்கு இன்று மூன்று வகை பாடி கிடைக்கிறது: 1932-இல் ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் தகரம், அதே வடிவில் இப்போது அடிக்கிற புதுத் தகரம், ஃபைபர். அமெரிக்காவில் ஹாட் ராட் கட்டுகிறவர்கள் அசலை 'ஹென்றி தகரம்' என்பார்கள், ஃபைபரைக் கொஞ்சம் இளக்காரமாகக் 'கண்ணாடி' என்பார்கள். இளக்காரத்தைத் தள்ளி வைத்துவிட்டு மூன்றையும் பட்டறைக் கண்ணோடு பார்க்கலாம்.

முதலில் அசல். பெரும்பாலும் இது கொட்டகையிலோ வயலோரத்திலோ பல பத்தாண்டு கிடந்த கூடாகத்தான் கைக்கு வரும். தகரம் ஏறத்தாழ 1 மி.மீ. கனம். இன்றைய கார்களின் வெளித்தகட்டோடு ஒப்பிட்டால் தடிப்புதான். ஆனால் துரு எங்கே தின்றிருக்கும் என்பதை பாடியைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். கதவின் அடிப்பகுதி, கௌலின் (முன் கண்ணாடிக்குக் கீழே, கதவுக்கு முன்னால் இருக்கும் பகுதி) கீழ் மூலைகள், பின்பக்கக் குவார்ட்டர் பேனலின் கடைசி நான்கைந்து அங்குலம், டிக்கியின் மூலைகள், எல்லாவற்றுக்கும் மேலாக சப்ரெயில். சப்ரெயில் என்பது பாடியின் அடியில் சேஸிஸ் மேல் உட்காரும் நீளச் சட்டம். அது போனால் பாடிக்கு முதுகெலும்பே இல்லை. வெளித்தகட்டில் நாலு ஓட்டை இருந்தால் கவலைப்படத் தேவையில்லை. சப்ரெயில் நொறுங்கியிருந்தால் விலையைப் பாதியாக்கச் சொல்லுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள்.

கூபே, செடான் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து மூடிய பாடிகளுக்குள் மரச்சட்டம் இருக்கும். 1932-இன் மூன்று ஜன்னல் கூபேயில் மரம் அதிகம். கூரையின் நடுப்பகுதி தகரமே கிடையாது, துணி. ஃபோர்டு முழுத் தகரக் கூரைக்கு வந்தது 1937-இல்தான். மரம் மட்கிப் போன கூட்டில் கதவு எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஆதாரமே இருக்காது. மர வேலையை முடித்த பிறகுதான் தகர வேலையைத் தொடங்க முடியும். ரோட்ஸ்டரில் மரம் குறைவு. புதுக்கை ஆள் ரோட்ஸ்டரிலிருந்து தொடங்குவது நல்லது என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

டிங்கர் வேலையின் வரிசை முக்கியம். எதையும் வெட்டுவதற்கு முன் கதவுகளை மாட்டிப் பூட்டி, உள்ளே சதுரக் குழாயால் குறுக்கும் நெடுக்கும் தாங்கு கொடுத்து வெல்டு வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் சப்ரெயிலை வெட்டினால், பாடி கண்ணுக்குத் தெரியாமல் விரிந்துவிடும். பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. பாடியை அது உட்காரப் போகிற அதே சேஸிஸில் போல்ட் போட்டு வைத்துக்கொண்டு சப்ரெயில், தரை, பிறகு கௌல், குவார்ட்டர் என்று உள்ளிருந்து வெளியே வர வேண்டும். வெளித்தகட்டில் ஒட்டுப் போடும்போது விளிம்பும் விளிம்பும் முட்டும்படி வைப்பதே சரி. ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி வைத்தால் நடுவில் ஈரம் தங்கி மறுபடி துரு பிடிக்கும். டாக் வெல்டை (சின்னப் புள்ளி வெல்டு) அங்குலத்துக்கு ஒன்றாக, ஆனால் அடுத்தடுத்து வைக்காமல், இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று சூடு பரவ இடம் கொடுத்து வைக்க வேண்டும். வெல்டு ஆறும்போது தகடு சுருங்கும். அடியில் டாலி (கையில் பிடிக்கும் இரும்புக் கட்டை) பிடித்துச் சுத்தியலால் வெல்டைத் தட்டி நீட்டினால்தான் அது பழைய வடிவுக்கு வரும். டிக் (TIG) வெல்டு மென்மையாக இருப்பதால் தட்டினால் நீளும். மிக் (MIG) வெல்டு கடினமாக இருப்பதால் தட்டும்போது பிளக்கும், அதைத் தேய்த்துத்தான் சமன் செய்ய முடியும்.

அசல் பாடியைக் கெடுப்பதில் முதலிடம் மணல் ஊதலுக்கு. டிக்கி மூடி, கதவுத் தகடு போன்ற அகலமான இடங்களில் மணல் அடித்தால் தகட்டின் மேற்பரப்பு மட்டும் நீண்டு, அப்பளம் மாதிரி அலை அலையாக எழும்பும். அதை மறுபடி நேராக்குவது கிட்டத்தட்ட முடியாத வேலை. மணலைச் சட்டங்களுக்கும் உள்பக்க மடிப்புகளுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, வெளித்தகட்டுக்குப் பெயின்ட் ரிமூவரும் உப்புத்தாளும் போதும். அமிலத் தொட்டியில் முக்குவது சுத்தமான வழிதான். ஆனால் மடிப்புகளுக்குள் தங்கிய அமிலத்தை முழுசாகக் கழுவி வெளியேற்றாவிட்டால், பெயின்ட் அடித்துச் சில மாதம் கழித்து இணைப்புகளின் ஓரமாகக் கசிந்து கொப்புளம் விடும். ஈயப் பூச்சுக்கும் இதே கதைதான். 30 பங்கு வெள்ளீயம், 70 பங்கு காரீயம் கலந்த பாடி சோல்டர் பழைய பாணிக்கு உரியது, பட்டியைவிட உறுதியானது. பூசிய பிறகு ஃப்ளக்ஸின் அமிலத்தைச் சமையல் சோடா கரைசலால் கழுவாமல் விட்டால் மேலே போட்ட பெயின்ட் நிற்காது.

இனி புதுத் தகரம். ஒஹாயோ மாநிலத்தின் புரூக்வில் ஊரில் இருக்கும் புரூக்வில் ரோட்ஸ்டர் நிறுவனம் ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டர், 1932 ரோட்ஸ்டர் பாடிகளை முழுவதும் தகரத்தில் அடித்து விற்கிறது. ஐந்து ஜன்னல் கூபே வேண்டுமென்றால் யுனைடெட் பசிபிக் தயாரிப்பு இருக்கிறது. துரு இல்லை, சப்ரெயில் நேராக இருக்கும், அசல் உதிரிகளும் பொருந்தும். துருப்பிடித்த அசலை மீட்கத் தரும் கூலியைக் கூட்டிப் பார்த்தால், பல நேரம் புதுத் தகரமே மலிவாக முடியும். ஆனால் வந்த உடனே பெயின்ட் அடிக்கலாம் என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றம்தான். இணைப்புகளைத் தேய்க்க வேண்டும், இடுக்குகளைச் சரிசெய்ய வேண்டும், தட்டையான இடங்களைப் பிளாக் வைத்து உரச வேண்டும். அந்த வேலைக்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள்.

ஃபைபர் பற்றித்தான் அதிகக் குழப்பம். அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் என்கிற வழவழப்பான மேல்பூச்சு, அரை மி.மீ. அளவுக்கு. அதன் மேல் கண்ணாடி இழை விரிப்பும் பாலியெஸ்டர் ரெசினும் அடுக்கடுக்காக. நம் கடற்கரைகளில் ஃபைபர் படகு கட்டும் கொட்டகைப் பக்கம் போனவர்களுக்கு அந்த ஸ்டைரீன் நெடி பழக்கமானதுதான். இங்கேயும் சரக்கு அதேதான். கையால் விரித்து உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றிய பாடி எங்கும் ஒரே கனத்தில் வரும். இழையை நறுக்கி ரெசினோடு துப்பாக்கியால் பீய்ச்சுகிற முறை வேகமானது. அதில் கனம் முழுக்கப் பீய்ச்சுகிறவன் கையில் இருக்கிறது. வாங்கும்போது பாடிக்குள் ஒரு விளக்கை வைத்து வெளியிலிருந்து பாருங்கள். பெயின்ட் இல்லாத பாடியில் கனம் குறைந்த இடம் பளிச்சென்று ஒளி விடும். கட்டைவிரலால் குவார்ட்டர் பேனலின் நடுவில் அழுத்தினால் டப்பா மாதிரி உள்ளே போய் வெளியே வருகிறதென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

நல்ல ஃபைபர் பாடிக்கும் மட்டமானதற்கும் வித்தியாசம் வெளித்தோலில் தெரியாது, உள்ளேதான் இருக்கிறது. கீல் உட்காரும் தூணில் எஃகுத் தகடு பதித்திருக்கிறதா, கதவுப் பூட்டு அடிக்கும் தூணில் என்ன இருக்கிறது, கௌலுக்குள் குறுக்கு வளைவு உண்டா, தரைக்கும் சப்ரெயிலுக்கும் இடையே எஃகுக் குழாய்ச் சட்டம் ஓடுகிறதா என்று கேளுங்கள். கதவு கனமான பொருள். அதைத் தாங்கும் கீல் வெறும் ஃபைபரில் போல்ட் போடப்பட்டிருந்தால், ஓட்டையிலிருந்து கிளம்பும் விரிசல் கதவுத் திறப்பின் மூலை வரை ஓடும். முன் கண்ணாடித் தூண்கள் கௌலில் உட்காரும் இடமும் அப்படித்தான். உள்ளே அகலமான எஃகுத் தகடு இல்லையென்றால் தூணைச் சுற்றி நட்சத்திர விரிசல் விழும். ஒரிகன் மாநிலத்து வெஸ்காட் 1932 ரோட்ஸ்டர் பாடி, அசலின் அளவை ஒட்டி வார்த்ததற்காகவே பெயர் வாங்கியது. பல மலிவுத் தயாரிப்புகளில் கதவு நீட்டப்பட்டிருக்கும், மூலைகள் வழுவழுவென்று உருண்டிருக்கும், வெளிக் கீல் மறைந்திருக்கும், இடுப்புக்கோட்டின் விளிம்பு மழுங்கியிருக்கும். பழைய பாணி விரும்பிகள் பத்தடி தூரத்திலிருந்தே 'கண்ணாடி' என்று சொல்லிவிடுவது இதனால்தான். பொருள் எது என்பதைவிட விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்பதே காட்டிக் கொடுக்கிறது.

ஃபைபரில் அவசரப்படுகிறவர்கள் கறுப்புப் பெயின்டில் அடி வாங்குவார்கள். அச்சிலிருந்து எடுத்த பிறகும் ரெசின் பல வாரம் இறுகிக்கொண்டே சுருங்கும். அதற்குள் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துக் காரை வெயிலில் நிறுத்தினால், மிச்ச இறுகலும் அங்கே நடந்து, உள்ளே பதித்த குழாயும் மரமும் எலும்பு மாதிரி மேலே கோடு கோடாகத் தெரியும். பாடியைச் சேஸிஸில் போல்ட் போட்டு, கதவுகளைப் பூட்டி, சில வாரம் வெயிலில் விட்டுவிட்டு அதன் பிறகு வேலையைத் தொடங்குங்கள். தரையில் சாய்த்து வைத்தால் சாய்ந்த வடிவிலேயே இறுகிவிடும்.

பெயின்டுக்கு முன் அச்சு மெழுகை எடுக்க வேண்டும். இதை உப்புத்தாள் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். முதலில் தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் புகுந்து, பின்னால் மீன்கண் மாதிரி புள்ளிகள் விழும். சோப்புத் தண்ணீர், பிறகு மெழுகு நீக்கும் கரைசல், பிறகு 180 எண் தாள். ஜெல்கோட்டில் குமிழி இருக்கும் இடத்தைத் தட்டினால் 'டக் டக்' என்று பொள்ளல் ஓசை வரும். கூர்முனையால் குத்தித் திறந்து நிரப்புங்கள், மூடி மறைக்காதீர்கள். இழை வெளியே தெரியும் அளவுக்குத் தேய்த்துவிட்டால் எப்பாக்ஸி பிரைமரால் மூட வேண்டும். பெயின்ட் ரிமூவரை ஃபைபர் பக்கமே கொண்டு போகக்கூடாது, ஜெல்கோட்டையே இளக்கிவிடும்.

வயரிங்கில் ஃபைபருக்கு எர்த் கிடையாது. டெயில் லைட், மீட்டர்கள், பெட்ரோல் டாங்கியின் அளவை மீட்டருக்கு அனுப்பும் சென்டிங் யூனிட் என எல்லாவற்றுக்கும் தனி எர்த் வயர் இழுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு செப்புப் பட்டையில் சேர்த்து, அங்கிருந்து தடித்த வயரில் சேஸிஸுக்கும் பேட்டரிக்கும் கொடுக்க வேண்டும். விளக்கு மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் ஆடுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சீட் பெல்ட்டை ஃபைபர் தரையில் மாட்டுவது தற்கொலை. சேஸிஸோடு வெல்டு செய்த எஃகுச் சட்டத்தில்தான் போல்ட் வர வேண்டும். பிரேக் பெடலை ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு) தொங்கவிடுகிறவர்கள் அதன் பின்னால் எஃகுத் தகடு கொடுத்துக் கௌல் வளைவோடு கட்டாவிட்டால், மிதிக்கும்போது ஃபயர்வால் வளையும், பிரேக் பஞ்சு மாதிரி இருக்கும்.

1932 சேஸிஸ் திறந்த சி வடிவம். இன்ஜின் இழுக்கும்போது முறுக்கிக்கொள்ளும். அசல் 221 கன அங்குல ஃப்ளாட்ஹெட் (வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும் ஃபோர்டின் பழைய வி8) 65 குதிரைத்திறன்தான். அதற்குப் பதிலாகப் பெரிய வி8 வைக்கப் போகிறீர்கள் என்றால் சட்டத்தின் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடி வெல்டு செய்ய வேண்டும். தகரம் அந்த முறுக்கலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ஃபைபர் பொறுக்காது. மூலை விரிசல்களில் பாதிக்குக் குற்றவாளி சேஸிஸ், பழி மட்டும் பாடி மேல். பாடி போல்ட்டுகளுக்கு அகலமான வாசரும் அடியில் ரப்பர் பட்டையும் போட்டு, அளவாக முறுக்குங்கள்.

அசல் என்று சொல்லி விற்பவரிடம் காந்தம் மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதாது. தடித்த பட்டிக்கு மேல் காந்தம் தளரும், ஃபைபருக்குள் பதித்த எஃகின் மேல் ஒட்டிக்கொள்ளும். சப்ரெயிலின் உள்பக்கமும் டிக்கிக்குள் தகட்டின் பின்புறமும் பாருங்கள். ஃபைபரின் பின்புறத்தில் இழைச் சொரசொரப்பு தெரியும். ஃபோர்டின் வரிசை எண் பாடியில் இருக்காது. சேஸிஸின் இடது சட்டத்தின் மேற்பக்கத்தில் அடித்திருக்கும், பாடியைத் தூக்கினால்தான் முழுசாகத் தெரியும். எண் இல்லாத புதுச் சேஸிஸில் புது பாடி என்றால் பதிவு வேறு வகை. கலிஃபோர்னியாவில் எஸ்பி 100 சட்டத்தின்படி இப்படிக் கட்டிய வண்டிகளில் ஆண்டுக்கு முதல் 500-க்கு மட்டும் புகைச் சோதனையில் சலுகை. காகிதத்தைப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

எங்கள் தீர்ப்பு: ரோட்ஸ்டர் என்றால் புதுத் தகரம். சப்ரெயிலும் கௌலும் உயிரோடு இருக்கிற அசல் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள், விற்கும்போதும் விலை நிற்கும். உள்சட்டம் சரியாக இருக்கும் ஃபைபரை ஓட்டுவதற்காக வாங்கலாம், நாளைக்கு லாபத்துக்கு விற்கலாம் என்று வாங்க வேண்டாம். உள்சட்டமே இல்லாத மலிவுக் கூட்டை வாங்கிச் சட்டம் போட்டு முடிக்கும்போது நல்ல பாடியின் விலை கையை விட்டுப் போயிருக்கும்.

டி-பக்கெட், அதாவது ஃபோர்டு மாடல் டி-யின் சின்னத் திறந்த பாடியில் கட்டும் ஹாட் ராட், மட்டும் இந்தக் கணக்கில் சேராது. 1960-களிலேயே ஃபைபர் டி பாடிகள் சந்தையில் இருந்தன, நெப்ராஸ்காவின் ஸ்பீட்வே மோட்டார்ஸ் போன்ற கடைகள் அவற்றைப் பெட்டியில் போட்டு விற்றன. அந்தச் சின்ன பாடியில் கதவு திறப்பதும் அபூர்வம் என்பதால் கீல் விரிசல் தொல்லையும் குறைவு. ஃபெண்டரையும் (மட்கார்டு) ஃபைபரில் வாங்கலாம், தகர பாடியோடு கலந்தாலும் பெயின்டுக்குப் பிறகு யாருக்கும் தெரியாது. ஃபெண்டரைத் தாங்கும் கம்பியின் (பிரேஸ்) போல்ட் வரும் ஓட்டையில் மட்டும் உள்ளே ஒரு எஃகுத் தகடு வைத்து, ஓட்டையை அரை சுற்று பெரிதாக்கி ரப்பர் புஷ் போட்டுவிடுங்கள்.