எபேசு போகும் கப்பலில் ஏற விடவில்லை: விசாவில் 01 என்று இருந்தால் உடனே கவனியுங்கள்

கிரீஸ், துருக்கி கப்பல் பயணத்துக்கு யாராவது பணம் கட்டியிருந்தால் முதலில் பாஸ்போர்ட்டை எடுத்து விசா ஸ்டிக்கரைப் பாருங்கள். 'நம்பர் ஆஃப் என்ட்ரீஸ்' (எத்தனை முறை உள்ளே நுழையலாம்) என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 01 (ஒரே முறை) என்று இருக்கிறதா, 'மல்ட்' (பல முறை) என்று இருக்கிறதா? எங்களுக்கு 01. கப்பலுக்குக் கட்டிய 2,10,000 ரூபாய் அதில்தான் போனது. பணத்தைவிடப் பெரிய இழப்பு, அம்மாவால் மாதா வீட்டைப் பார்க்க முடியாமல் போனது.

அம்மாவுக்கு 68 வயது. துருக்கியில் பழைய எபேசு நகரத்துக்குப் பக்கத்தில் மலைமேல் இருக்கும், மரியன்னை கடைசிக் காலத்தில் வாழ்ந்ததாக நம்பப்படும் மாதா வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய பல வருட ஆசை. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2006-இல் அங்கே போன படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார்கள். முட்டி வலியோடு பஸ்ஸில் அலைய முடியாது, கப்பல் என்றால் அறையும் சாப்பாடும் கூடவே வரும் என்றுதான் அந்த வழியை எடுத்தோம். ஏதென்ஸ் பக்கத்தில் பிரேயுஸ் துறைமுகத்தில் ஏறி, முதல் நாள் மிக்கோனோஸ், இரண்டாம் நாள் காலை துருக்கியில் குஷாதாசி (எபேசுவுக்கு அங்கே இறங்கித்தான் போக வேண்டும்), அன்று மாலையே பைபிளில் வரும் பத்மு தீவு (இது கிரீஸ்), அப்புறம் ரோட்ஸ், கிரீட், சாந்தோரினி, திரும்ப பிரேயுஸ். மொத்தம் நான்கு இரவு.

தூத்துக்குடியில் ஒரு டிராவல்ஸில் பணம் கட்டினோம். பெயர் போடவில்லை, வழக்கு நடக்கிறது. கட்டுவதற்கு முன்னால் நானே அவரிடம் கேட்டேன், கப்பல் துருக்கி போய்விட்டு மறுபடி கிரீஸ் வருகிறதே, விசாவில் ஏதும் சிக்கல் வராதா என்று. "அண்ணாச்சி, கிரீஸுக்கு ஷெங்கன் விசா, துருக்கிக்கு ஈ-விசா, ரெண்டும் கையில வந்துரும், பெறகென்ன?" என்று வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பினார். இன்றும் என்னிடம் இருக்கிறது. ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம், கிரீஸ் அதில் உண்டு, துருக்கி இல்லை.

அவர் சொன்னபடியே இரண்டும் வந்தன. சென்னை விசா மையத்தில் கைரேகை கொடுத்தோம், அவர் நிரப்பி வைத்திருந்த படிவத்தில் கையெழுத்துப் போட்டோம். எத்தனை முறை நுழைய அனுமதி வேண்டும் என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. ஒரு முறை, இரு முறை, பல முறை என்று மூன்று பெட்டி. அவர் 'ஒரு முறை' பெட்டியில் டிக் போட்டிருந்தார். கப்பலின் பயணத் திட்டத்தையும் இணைக்கவில்லை, ஏதென்ஸ் ஓட்டல் முன்பதிவை மட்டும் வைத்திருந்தார். கேட்டது ஒரு முறை, காட்டியதும் ஏதென்ஸ் மட்டும். தூதரகம் வேறு எதைக் கொடுக்கும்?

பிரேயுஸில் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றோம். கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார், அம்மாவுடையதைப் புரட்டினார், எழுந்து போய் மேலாளரைக் கூட்டிவந்தார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். கப்பல் போகும் வழி அச்சிட்ட தாளை எடுத்து விரலால் காட்டினார்: குஷாதாசியில் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள், உங்கள் விசா அத்தோடு முடிந்துவிடும், சாயங்காலம் பத்முவில் எதை வைத்து உள்ளே வருவீர்கள்? ஸ்டிக்கரில் இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கிறதே என்றேன். நாள் பாக்கி இருந்தாலும் நுழைவு பாக்கி இல்லை என்றார். துருக்கியில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுகிறோம் என்றுகூடக் கேட்டுப் பார்த்தோம். ஒத்துக்கொள்ளவில்லை. வழியில் உள்ள எல்லாத் துறைமுகங்களுக்கும் பேப்பர் சரியாக இருந்தால்தான் ஏற்றுவார்களாம்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். நாம் போகிற நாட்டுக்கு விசா இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். கப்பல் பயணத்தில் மாட்டிக்கொள்வது போகிற இடத்தில் இல்லை, திரும்பி வருகிற இடத்தில்.

அங்கிருந்தே டிராவல்ஸுக்குப் போன் போட்டேன். ஊரில் அப்போது மதியம் ஒன்றரை மணி. முதலில் "கொஞ்சம் பேசிப் பாருங்க அண்ணாச்சி" என்றார். அரை மணி கழித்து, ஆவணங்களுக்குப் பயணியே பொறுப்பு என்று கப்பல் டிக்கெட்டில் எழுதியிருப்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. கப்பல் கம்பெனியும் அதே வரியைக் காட்டி ஒரு ரூபாய்கூடத் திருப்பவில்லை. ஏதென்ஸில் நான்கு இரவு அறைக்கும் சாப்பாட்டுக்கும் 62,000 ஆனது. ஒருநாள் அம்மாவைக் கொரிந்துக்குக் கூட்டிப் போனோம், நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் அம்மா அன்று முழுக்க அதிகம் பேசவில்லை.

கடைசி நாள் ஓட்டலில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, பிரேயுஸிலிருந்து பத்முவுக்குச் சாதாரணப் பயணிகள் கப்பலே உண்டு, கிரீஸுக்குள்ளேயே போவதால் எங்கள் விசாவே போதும். முதல் நாளே தெரிந்திருந்தால் பத்முவையாவது காட்டியிருப்பேன்.

பதிவு செய்வதற்கு முன் வழியில் உள்ள துறைமுகங்களை ஒரு தாளில் எழுதி, எது ஷெங்கன், எது இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் உள்ளே வந்துவிட்டது, பக்கத்திலேயே இருக்கும் மாண்டினீக்ரோ வெளியே. துருக்கி, அல்பேனியா, சைப்ரஸ், பிரிட்டன் எல்லாம் வெளியேதான். நடுவில் ஒரு வெளித் துறைமுகம் வந்து மறுபடி உள்ளே நுழைந்தாலே இரண்டு நுழைவு வேண்டும், 'பல முறை' என்று கேட்பதே நல்லது. கப்பல் முன்பதிவையும், எந்தெந்தத் தேதியில் எந்தத் துறைமுகம் என்ற ஒரு கடிதத்தையும் விண்ணப்பத்தோடு வையுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே 01 விசா வந்துவிட்டதென்றால், ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாடு கடைசியில் வருகிற மாதிரி திட்டத்தை மாற்றி அங்கிருந்தே ஊருக்கு விமானம் ஏறப் பாருங்கள். சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய் வருகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும், கடைசியில் மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதி இருக்கிறதா என்று.

'மல்டிபிள்' விசாவுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். எத்தனை நுழைவு கேட்டாலும் ஷெங்கன் கட்டணம் ஒன்றுதான், பெரியவர்களுக்கு 90 யூரோ.

எங்களைப் போல ஏற்கெனவே ஏமாந்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. கப்பலில் ஏற்றாத காரணத்தைக் கவுண்டரிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் அப்போது வாங்கவில்லை, பிறகு மெயில் போட்டு வாங்க மூன்று வாரம் ஆனது. வக்கீல் நோட்டீஸ் போனதும் டிராவல்ஸ்காரர் 15,000 தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது இதை எழுதக் காரணம், எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஒரு குடும்பம் அதே ஆளிடம் அதே பயணத்துக்குப் பணம் கட்டியிருந்தார்கள். போன மாதம் பூசை முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது தெரிந்தது. அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படிவத்தைப் பார்த்தேன், மறுபடி 'ஒரு முறை' பெட்டியில்தான் டிக். மாற்றச் சொன்னதற்கு ஆளுக்கு 6,000 கூட ஆகும் என்றிருக்கிறார். புதிதாகப் படிவம் எடுத்து நாங்களே உட்கார்ந்து நிரப்பினோம். நேற்று பாஸ்போர்ட் வந்தது, மூன்றிலும் 'மல்ட்'. மாதா வீட்டில் ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொல்லி அம்மா அவர்களிடம் ஐநூறு ரூபாய் கொடுத்திருக்கிறார்கள்.