16 ஆம்ப்ஸ் சாக்கெட் மாட்டிட்டாங்கன்னு நம்பிராதீங்க, பின்னாடி என்ன வயர் வருதுன்னு பாருங்க

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைன்னு நம்ம பக்கம் பழைய வீடு வச்சிருக்கவங்க இதைக் கட்டாயம் படிங்க. எங்க ஆத்தா உயிர் தப்பினது பெரிய விஷயம், அதனாலதான் உக்காந்து முழுசா எழுதுறேன்.

கார்த்திகைல தங்கச்சிக்குப் பிரசவம் ஆச்சு. குழந்தை 2 கிலோ 100 கிராம்தான். ஆஸ்பத்திரில இருந்து அனுப்பும்போது நர்ஸம்மா சொன்னாங்க, அம்மா நெஞ்சோட தோலுக்குத் தோல் படுற மாதிரி வச்சுக்கங்க, அதான் முதல் மருந்து, ரூமும் சில்லுன்னு இல்லாம பாத்துக்கங்கன்னு. நம்ம ஊர்ல குளிரான்னு கேப்பீங்க, ஆனா அடைமழை நேரத்துல வளவு வீட்ல இருந்து பாத்தவங்களுக்குத் தெரியும், நடு வாசல் திறந்து கெடக்கும், சாரல் அடிக்கும், ஆத்தங்குடிக் கல்லு தரை காலை வச்சா ஜில்லுன்னு ஏறும், கனமான சுவரு ஒரு தடவ குளிர்ந்துச்சுன்னா லேசுல சூடாகாது. கணப்புச் சட்டி வைக்கலாம்னு பெரியவங்க சொன்னாங்க, கதவடைச்ச ரூம்ல கரி நெருப்பு வச்சா விஷவாயு சேரும், மூச்சே நின்னுரும், அது வேண்டவே வேண்டாம்னு நான் சொல்லிட்டேன். அப்புறம்தான் ஆயில் ஹீட்டர் வாங்குனது, 2000 வாட்ஸ், ஐஎஸ்ஐ முத்திரை இருந்துச்சு, அதுக்குக் கீழ இருந்த லைசென்ஸ் நம்பரை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டும் பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்த ஹீட்டர்ல ஒரு குறையும் இல்ல.

அதோட பிளக் பெருசு, 16 ஆம்ப்ஸ். எங்க அறைல இருக்கது சின்ன 6 ஆம்ப்ஸ் பாயிண்ட். கடைல கன்வெர்ஷன் பிளக் ஒண்ணு தந்தாங்க, 2000 வாட்ஸுக்கு 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 8.7 ஆம்ப்ஸ் இழுக்கும், அதை 6 ஆம்ப்ஸ் பாயிண்ட்ல சொருகுனா உருகிரும், வேணாம்னு திருப்பிக் கொடுத்துட்டு, புது லைன் போட எலக்ட்ரீசியன் ஒருத்தரைக் கூப்பிட்டோம். தெரிஞ்சவங்க சொல்லி வந்த ஆள்தான்.

அவரு வீட்டைச் சுத்திப் பாத்துட்டு எங்க ஆத்தாகிட்ட, "ஆச்சி, இது முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசின சுவரு, இதைக் கொத்தவே கூடாது, நான் சுவத்துல உளி வைக்காம பழைய மரப்பட்டிக்குள்ளயே புது வயர் இழுத்துத் தர்றேன்"னு சொன்னாரு. எங்களுக்கு அது எவ்வளவு பிடிச்சுப்போச்சு தெரியுமா. இந்த வீட்டோட பூச்சுல ஒரு கீறல் விழுந்தாலும் ஆத்தாவுக்குத் தாங்காது. அந்தப் பாசத்தை வச்சுத்தான் ஏமாத்திருக்காரு. 2.5 ஸ்கொயர் எம்எம் கனத்த வயர் 35 மீட்டர், பெரிய சாக்கெட், எர்த் (கசியுற கரண்டை மண்ணுக்குள்ள இறக்குற வயர்), கூலி எல்லாம் சேத்து 6,400 ரூபாய் வாங்கினாரு. துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தாரு, அதுல பேரும் இல்ல கையெழுத்தும் இல்ல.

எர்த் இருக்கான்னு நான் கேட்டேன். ஒரு டெஸ்ட் லேம்ப் எடுத்து ஒரு முனைய கரண்டு வர்ற பேஸ் ஓட்டைலயும் இன்னொரு முனைய மேல இருக்க பெரிய எர்த் ஓட்டைலயும் வச்சுக் காட்டினாரு, பல்பு பளிச்சுன்னு எரிஞ்சுச்சு. "பாத்துக்கங்கண்ணே, எர்த் பக்கா"ன்னாரு. நானும் கண்ணால பாத்தாச்சேன்னு விட்டுட்டேன்.

அன்னைக்கு ராத்திரியே ரெண்டு தடவ பீஸ் போச்சு, ஹீட்டர் ஓடுறப்ப பிரிட்ஜும் சேந்து ஓடுனா டப்புன்னு போகும். மறுநாள் கூப்பிட்டதும் வந்தாரு, பீங்கான் பீஸ் கட்டையக் கழட்டி ஒரு இழை கம்பி இருந்த இடத்துல நாலஞ்சு இழை செம்புக் கம்பிய முறுக்கிக் கட்டிட்டு "இனி போகாதுண்ணே"ன்னு போயிட்டாரு. புது லைன் தனியா போட்டிருந்தா பிரிட்ஜ் ஓடுறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், பழைய பீஸ் ஏன் போகணும்? இந்தக் கேள்விய நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்.

மூணாம் நாள் விடியக்காலம் நாலரை இருக்கும். ஆத்தா முழிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. ரப்பர் கருகுற மாதிரி வாடை வந்துருக்கு, கொஞ்ச நேரத்துல ஹீட்டர் லைட்டு அணைஞ்சுபோச்சு. ரூம் லைட்டு எரியுது, அதனால ஹீட்டர்தான் ரிப்பேர்னு நெனச்சுக்கிட்டு, சூடு இருக்கான்னு காய்ச்சல் பாக்குற மாதிரி புறங்கைய வச்சிருக்காங்க. வாசலைத் தாண்டிப் போய் கை கழுவிட்டு வந்த ஈரக் கால். தூக்கி வீசிருச்சு, கட்டில் காலில் போய் விழுந்தாங்க. தங்கச்சி போட்ட சத்தத்துல நான் ஓடிப்போய் மெயினை இழுத்து விட்டேன். விரல் முட்டில ரெண்டு இடத்துல வெந்திருந்துச்சு, கை ரெண்டு நாள் நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. உள்ளங்கையால பிடிச்சிருந்தாங்கன்னா கை தானா மூடிப் பிடிச்சுக்கிட்டிருக்கும், விட முடிஞ்சிருக்காது. அதை நெனச்சா இப்பவும் வயிறு கலங்குது.

அன்னைக்கே மின்வாரியத்துல வேலை பாத்து ரிட்டையர் ஆன ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வந்தோம். மெயினை ஆஃப் பண்ணிட்டு அந்தப் பளபளா சாக்கெட்டைக் கழட்டினாரு. உள்ள பாத்தா அப்பச்சி காலத்து மெலிசான 1/18 வயரே ரெண்டு வருது, அவ்வளவுதான், பச்சை வயர்னு ஒண்ணு கெடயவே கெடயாது. 35 மீட்டர் புது வயர்ல சாக்கெட்டுக்குப் பின்னாடி ஒரு முழம் மட்டும் புதுசு, அதைப் பழைய வயரோட சும்மா முறுக்கி டேப்பு சுத்திருக்கு. அந்த முறுக்குதான் கருகி, டேப்பு கரியா உதிர்ந்து, மரப்பட்டில உள்ளங்கை அகலத்துக்கு கறுத்துப் போயிருந்துச்சு. அதுக்கு மேலயே பர்மா தேக்கு உத்தரம். பெரியவர் சொன்னாரு, வயர் கூட கொஞ்ச நாள் தாங்கும், லூசா முறுக்குன ஜாயிண்ட் தாங்காது தம்பி, கரண்டு ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு, பீஸ் போறதுதான் வீடு உங்களைக் கூப்பிட்டுச் சொல்றது, அதுக்கும் வாயக் கட்டிட்டாங்கன்னு.

அதைவிடப் பெரிய அநியாயம் எர்த் விஷயம். சாக்கெட்டுல எர்த் முனைக்கும், கரண்டு திரும்பிப் போற நியூட்ரல் முனைக்கும் நடுவுல விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு வயர் போட்டு ரெண்டையும் சேத்து விட்டிருக்காரு. அதனாலதான் டெஸ்ட் லேம்ப் எரிஞ்சுது, அது எர்த்தைக் காட்டல, நியூட்ரலைத்தான் காட்டுச்சு. கருகி அறுந்ததும் அந்த நியூட்ரல் ஜாயிண்ட்தான். அறுந்ததும் ஹீட்டர் நின்னுருச்சு, ஆனா பேஸ்ல வர்ற கரண்டு ஹீட்டர் காயில் வழியா நியூட்ரல் முனைக்கு வந்து, அந்தக் குட்டி வயர் வழியா எர்த் பின்னுக்குப் போய், ஹீட்டரோட இரும்பு உடம்பு முழுக்க நிக்குது. எர்த்தே இல்லாம விட்டிருந்தா கூட அன்னைக்கு பாடில கரண்டு வந்திருக்காது. எர்த் மாதிரி காட்டுறதுக்காகப் போட்ட வயர்தான் ஷாக் அடிச்சது.

அதனால சொல்றேன், பல்பு எரிஞ்சா எர்த் இருக்குன்னு நம்பாதீங்க. நீங்களா எதையும் கழட்டவும் வேணாம். வேலை முடிஞ்சதும் மெயினை ஆஃப் பண்ணச் சொல்லி, உங்க கண்ணு முன்னாடி சாக்கெட்டைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. மூணு வயர் வரணும், பச்சை வயர் தனியா எர்த் குழி வரைக்கும் போகணும். வயர் சுருளோட அட்டைய வாங்கி வச்சுக்கங்க, அதுல அளவு போட்டிருக்கும். ஆளுகிட்ட வயர்மேன் சான்றிதழ் இருக்கான்னு கேளுங்க, பில்லு பேரோட கேளுங்க. மழுப்புனா அனுப்பி விட்டுருங்க.

பெரியவர் சுவத்தைத் தொடாமலேதான் வேலைய முடிச்சாரு. உத்தரத்தை ஒட்டி வெளியவே பிவிசி பைப் ஓட்டி, மெயின்ல இருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் மூணு வயர் தனி லைன், 16 ஆம்ப்ஸ் எம்சிபி (லோடு கூடுனா தானா அணையுற சுவிட்ச்), வீடு முழுக்க 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா உடனே அணையுற சுவிட்ச்). பின்கட்டுல 2.5 மீட்டர் குழாய் இறக்கி புது எர்த் குழி. நம்ம செம்மண்ணு கோடைல காஞ்சு போகும், அப்பப்ப ஒரு குடம் தண்ணி ஊத்தணும்னு சொல்லிருக்காரு. அந்த ஆர்சிசிபி அன்னைக்கு இருந்திருந்தா ஆத்தா கை பட்ட நொடியே டிரிப் ஆகியிருக்கும். அதுல டெஸ்ட் பட்டன் இருக்கு, மாசம் ஒரு தடவ அமுக்கிப் பாக்குறோம்.

ஹீட்டரை இப்பவும் வைக்கிறோம், தூளியில இருந்தும் கொசுவலைல இருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது, குழந்தைத் துணிய அது மேல காயப் போடக் கூடாது, எல்லாரும் தூங்குறப்ப ஓடக் கூடாது. நின்னுபோச்சுன்னா முதல்ல சுவிட்ச், அடுத்து பிளக், அப்புறம்தான் கை.

அந்த ஆளுக்குப் போன் பண்ணினேன். "பழைய வீடுன்னா அப்படித்தாண்ணே இருக்கும்"னு சொல்லி வச்சவருதான், அப்புறம் எடுக்கவே இல்ல. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் பண்ணியிருக்கேன், ஆனா பேரில்லாத சீட்டை வச்சு எதுவும் சட்டுன்னு நடக்கல.

போன வருசம் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு கீசர் லைன் போட்டதும் அதே ஆள்தான். நேத்து பெரியவரைக் கூட்டிட்டுப் போய் அவங்க சாக்கெட்டைக் கழட்டிப் பாத்தோம். அங்கயும் விரல் நீளத்துக்கு அதே கறுப்பு வயர்.