கவருக்குக் கீழே கிடந்த பெல்ற்

ஸ்காபரோவில் இருந்து சென்னை வழியாக யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கினோம். பெட்டிகளோடு இரண்டு கார் சீற்றும் வந்தன. ஒன்றரை வயது மகளுக்கு ஐந்து வார் போட்டுக் கட்டும் பெரிய சீற், ஆறு வயது மகனுக்கு முதுகில்லாத பூஸ்டர். "கனடாவில இருந்து கதிரையையும் தூக்கிக்கொண்டோ வாறாய்?" என்று மாமா சிரித்தார்.

இரண்டு கிழமைக்கு வான் பிடித்துத் தந்தவரிடம், பின் சீற்றுகளில் பெல்ற் இருக்கிறதா என்று முதலே கேட்டிருந்தேன். "எல்லாம் இருக்கு தங்கச்சி." கொக்குவில் வீட்டு வாசலில் வந்து நின்ற வானில் எல்லாம் இருந்தது, ஏசி, டிவி, சாமிப் படம், ஜன்னலுக்குத் திரை. பெல்ற்றைத்தான் காணவில்லை.

"ஒருத்தரும் போடுறேல்லை, சீற் கவருக்குக் கீழ விட்டிட்டன்" என்றார் சாரதி அண்ணை. கவரைக் கழற்றிக் கையை விட்டுத் துழாவினால் ஒரு டொபித் தாள், ஒரு பத்து ரூபாய்க் குற்றி, கடைசியில் பக்கிள். ஆகவே நீங்கள் வான் பிடித்தால் இருக்கிறதா என்று கேளாதீர்கள். பக்கிள் மாட்டியபடி ஒரு படம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

ஜன்னலோரம் தோளுக்கும் இடுப்புக்கும் பெல்ற், நடுவில் இடுப்புக்கு மட்டும். நடைபாதையில் மடித்து விரிக்கும் சீற்றில் ஒன்றுமே இல்லை. பூஸ்டர் வெறுமனே பிள்ளையை உயர்த்தி வைப்பது. பிள்ளையைப் பிடிப்பது வானின் தோள் பெல்ற்தான். ஆகவே மகன் ஜன்னலோரம். மகளின் சீற்றை இடுப்புப் பெல்ற்றால் கட்டலாம் என்று கையேட்டிலேயே படத்தோடு இருக்கிறது. உண்மையில் எனக்கு அதுதான் வசதி. பெல்ற்றின் வாலை இழுத்தால் இறுகி அப்படியே நிற்கும். அந்த வானின் தோள் பெல்ற்றோ சடாரென்று இழுத்தால் மட்டுமே பூட்டும், மற்ற நேரம் இளகிக்கொண்டே வரும்.

வழுக்கும் கவர் அந்த வரிசைக்கு வேண்டாம் என்றதும் அண்ணையின் முகம் கொஞ்சம் சுருங்கியது. புதுக் கவர், பாவம். சரி என்று கழற்றினார். சீற்றைப் பின்னோக்கித் திருப்பி வைத்து, முழங்காலால் அழுத்தி இழுத்தேன். பெல்ற் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. இரண்டு அங்குலம் ஆடியது. "விடுங்கோ" என்று அண்ணை தன் உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தார், நான் இழுத்தேன். அசையவில்லை. சீற்றின் சாய்வு சரியா என்று காட்டும், நிலத்துக்கு நேராக நிற்க வேண்டிய கோடு மட்டும் சரிவரவில்லை. முற்றத்து மணல் சரிவு. வானைத் தார் வீதிக்கு எடுத்த பிறகுதான் கோடு நேரானது.

நயினாதீவுக்கு வள்ளம் ஏறும் குறிகட்டுவான் துறைக்குப் போகும் வழியில் மகள் வீறிட்டாள். "அவளைக் கழற்றி மடியில தா பிள்ளை" என்றார் சின்னம்மா. ஐம்பதில் போகும் வான் மோதி நின்றால், பத்து மீட்டர் உயரப் பனையில் இருந்து விழுகிற வேகம் என்றேன். "வாயைக் கழுவு!" என்றார். ஆனால் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அண்ணை ஓரமாக நிறுத்த, வெளியே எடுத்துப் பால் கொடுத்துத் திரும்பக் கட்டினேன். பத்து நிமிடம் போனது, அவ்வளவுதான்.

துறையில் வள்ளம் ஏறுமுன் சீற்றை ஒரு சாரத்தால் மூடிவிட்டுப் போனோம். மூடாவிட்டால் அந்த வெயிலில் பக்கிளின் இரும்பு பிள்ளையின் தொடையைச் சுட்டுவிடும்.

ஒரு பின்னேரம் நல்லூருக்கு ஓட்டோவில் போனதையும் சொல்லத்தான் வேண்டும். அதில் எதையும் கட்ட வழியில்லை. மனம் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு போகவில்லை.

கடைசி நாள் பலாலிக்கு ஏற்ற வந்த வானில் எல்லாக் கவரும் திரும்பப் போட்டிருந்தது. பெல்ற் வரும் இடமெல்லாம் கத்தரித்து, ஓரம் மடித்துத் தைப்பித்திருந்தார் அண்ணை. கணக்குத் துண்டைப் பார்த்தேன். எரிபொருளுக்குக் கீழே, தையல் கூலி 600 ரூபாய்.