ஒரிகாமித் தாள் பைக்கற்: வன்னி வகுப்பறைக்குச் சரிவருமா?

ஒரிகாமி என்ற யப்பானியத் தாள் மடிப்புக் கலைக்கான பைக்கற் இது: 15 சென்ரிமீற்றர் சதுரம், 100 தாள், ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெள்ளை. நிறம் நல்லது, வெட்டுத்தான் பிழை. மூலைக்கு மூலை மடித்தால் சில தாள்களில் 2 மில்லிமீற்றர் மிஞ்சுகிறது. நாய் முகம் மடிக்க அது பரவாயில்லை. கொக்கு மடித்தால் சொண்டு கோணிவிடும். எப்படியும் தரம் 2 பிள்ளைகளுக்குக் கொக்கு வேண்டாம். தாளின் ஓர் அடுக்கைத் தூக்கி இதழ்போல நீட்டி மடிக்கும் இடத்தில் பிஞ்சு விரல்கள் தாளைக் கிழித்துவிடும்.

'கபுத்தோ' என்ற போர்வீரர் தலைக்கவசம் நல்ல தொடக்கம். யப்பானில் மே 5, சிறுவர் நாளுக்கு மடிப்பது. சுமார் 10 மடிப்பில் முடியும். தலையில் போட இந்தத் தாள் காணாது, பழைய பத்திரிகையை 40 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டுங்கள்.

மாரியில் தாள் ஈரம் இழுத்து மடிப்பு நிற்காது. பிஸ்கற் ரின்னுக்குள் வையுங்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பாதித் தாள் முற்றத்தில்தான்.