அரை வீசைப் படிக்கல்லும் ஒரு பழைய டார்க் ஸ்க்ரூடிரைவரும்

யாங்கோனில் கரண்ட் போவதும் வருவதுமாக இருப்பதால், ஃபேனும் மிக்சியும் பழுது பார்த்துக்கொண்டிருந்த நானும் இரண்டு வருஷமாக இன்வெர்ட்டர், லித்தியம் பேட்டரி மாட்டும் வேலைக்கு வந்துவிட்டேன். வந்த புதிதில் ஒரு வீட்டில் சோலார் கன்ட்ரோலரின் சின்ன டெர்மினலை "இன்னும் கொஞ்சம்" என்று முறுக்கியதில் மரை போய்விட்டது. போர்டை என் காசில் மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வீட்டில் பயந்துகொண்டே முறுக்கியதால் லூசாக நின்று, பத்தாம் நாள் வயர் சூடாகி மேல்தோல் கருகிய வாசனை. இனிக் கையை நம்பக் கூடாது என்று டார்க் ஸ்க்ரூடிரைவர் தேடிக் கிளம்பினேன். டார்க் என்றால் முறுக்கு விசை. எவ்வளவு முறுக்க வேண்டும் என்று இதில் முன்கூட்டியே அளவு வைத்துக்கொள்ளலாம்.

அனவ்ரத்தா சாலைக் காளி கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான் விற்கிற கடை ஒன்றில் கிடைத்தது. 65 ஆயிரம் கியாட். "பழசுன்னு பார்க்காதீங்க தம்பி, உங்க பேரன் காலத்துக்கும் உழைக்கும்" என்றார் பாய். கையில் எடுத்தால் நல்ல கனம். பிடி முழுக்க உலோகம், வியர்த்தாலும் வழுக்காதபடி சொரசொரவென்று கடைந்திருக்கிறது. அடியில் திருகினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். வைத்த அளவு வந்ததும் 'டக்' என்று நழுவிவிடும், அதற்கு மேல் நீங்கள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ஸ்க்ரூ நகராது.

ஒரே தொல்லை அளவு. 2 முதல் 12 வரை, கிலோகிராம்-விசை சென்டிமீட்டர். அதாவது திருகும் மையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒரு கிலோ தொங்கினால் வரும் முறுக்கு 1. ஜப்பானிலேயே இந்த அலகை 1999-ல் நியூட்டனுக்கு மாற்றிவிட்டார்கள், அதற்கு முந்தைய சரக்கு இது. என்னிடம் வரும் சீன கன்ட்ரோலரின் காகிதத்தில் 0.5 நியூட்டன் மீட்டர் என்று இருக்கும். அமெரிக்கக் காகிதத்தில் 7 பவுண்டு அங்குலம். பேட்டரிக்காரன் இன்னொரு தினுசாக 60 நியூட்டன் சென்டிமீட்டர் என்பான்.

சரி, போனில் ஆப் இருக்கிறதே என்று இலவசமாகக் கிடைத்த ஒன்றை இறக்கினேன். 7 பவுண்டு போட்டேன், 9.49 நியூட்டன் மீட்டர் என்றது. நல்லவேளை, என் ஸ்க்ரூடிரைவரின் உச்சமே 12, அதாவது 1.18 நியூட்டன் மீட்டர்தான். எட்டு மடங்கு எங்கே போய் வைப்பது? அப்புறம் பார்த்தால் அந்த ஆப்பில் பவுண்டு-அடி மட்டும்தான் உண்டு, அங்குலமே கிடையாது. அடிக்கு 12 அங்குலம், தப்பும் 12 மடங்கு. சரியான விடை 0.79. இன்னொரு கூத்து, 1 கிராம்-விசை சென்டிமீட்டரை நியூட்டன் மீட்டருக்கு மாற்றச் சொன்னால் 0.00 என்று காட்டும். உண்மையில் 0.000098. இரண்டு தசமத்தோடு நிறுத்துகிற ஆப்பை வைத்துச் சின்ன டார்க் எதையும் அளக்க முடியாது. விளம்பரம் மட்டும் குறைவில்லாமல் வந்தது. அழித்துவிட்டேன்.

இப்போது மற்ற அலகுகளை இதன் அலகுக்கு மாற்றும் கணக்கைச் சீட்டில் எழுதிப் பிடியில் ஒட்டி, மேலே டேப் சுற்றி வைத்திருக்கிறேன். நியூட்டன் மீட்டரை 10.2-ஆல் பெருக்கு. பவுண்டு அங்குலத்தை 1.15-ஆல் பெருக்கு. நியூட்டன் சென்டிமீட்டரும் சென்டிநியூட்டன் மீட்டரும் ஒன்றேதான், குழம்பாதே, அதை 9.8-ஆல் வகு. இவ்வளவுதான். 0.5 என்றால் 5.1-ல் வைப்பேன், 7 பவுண்டு என்றால் 8-ல், 60 என்றால் 6.1-ல். அவுன்ஸ் அங்குலம் குட்டி மோட்டார்களில்தான் வரும். அது 72 கிராம்-விசை சென்டிமீட்டர், 16 சேர்ந்தால் ஒரு பவுண்டு அங்குலம்.

பழைய ஸ்பிரிங் பொய் சொல்லாதா என்று எனக்கும் சந்தேகம்தான். 30 சென்டிமீட்டர் மர ஸ்கேலில் சரியாக 15-ல் ஓட்டை போட்டு, ஸ்க்ரூடிரைவரின் முனையில் மாட்டும் பிட்டை இறுக்கமாகச் சொருகினேன். இரு பக்கமும் சமம், அதனால் ஸ்கேலின் கனம் கணக்கில் வராது. ஸ்க்ரூடிரைவரைப் படுக்கவைத்து வைஸில் கடிக்கவிட்டு, நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி அம்மாவின் அரை வீசைப் படிக்கல்லைக் கயிற்றில் தொங்கவிட்டேன். பர்மா வீசை 1.633 கிலோ, அரை வீசை 816 கிராம். (தாத்தா ஊரில் வீசை 1.4 கிலோதானாம். பேர் ஒன்று, எடை இரண்டு. ஆப்பை மட்டும் திட்டி என்ன பயன்.) 10 சென்டிமீட்டரில் அது 8.16 கிலோகிராம்-விசை சென்டிமீட்டர், பவுண்டு அங்குலத்தில் 7.09. எனக்கு வேண்டிய அளவே வந்து உட்கார்ந்துகொண்டது! 8-ல் வைத்து, படிக்கல்லைத் தாங்கிய கையை மெல்ல எடுத்தேன். டக். 8.5-ல் வைத்தேன், ஸ்கேல் அசையாமல் நின்றது. எனக்கு அது போதும்.

குறை இல்லாமல் இல்லை. 2-க்கும் 3-க்கும் நடுவில் டக் சத்தம் காதில் விழாது, கைக்குத்தான் தெரியும். பூட்டு வளையம் கடினம், மழைக்காலத்தில் எண்ணெய் விடாவிட்டால் திரும்பாது. வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கை 2-க்கு இறக்கிவைக்க மறக்கக் கூடாது. பிடி உலோகம் என்பதால் பேட்டரி பிரேக்கரை இறக்காமல் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது.

மெயின் பிரேக்கர் டெர்மினலுக்கு இது பற்றாது, அங்கே 2 நியூட்டன் மீட்டருக்கு மேல் கேட்கும். பெரியது வந்தால் எடுத்துவைக்கும்படி பாயிடம் சொல்லியிருக்கிறேன், பவுண்டு அங்குலத்தில் இருந்தாலும் பரவாயில்லை என்று. அம்மாதான் படிக்கல்லைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.