வாசலும் இசையும்: கொரியாவின் இரண்டு ‘எண் 1’கள்

தென்கொரியா 1962-ல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழ் வந்த பட்டியல்களில் முதல் எண் பெற்றவற்றில் இரண்டு: தேசியச் செல்வங்களில் சியோலின் தெற்கு வாசல் சுங்நியேமுன், மரபுக் கலைகளில் ஜோங்மியோ அரச முன்னோர் ஆலயத்தின் வழிபாட்டு இசை.

வாசலைப் பதிவு செய்வது எளிது. அளக்கலாம், வரையலாம், படம் எடுக்கலாம். 2008-ல் ஒருவர் தீ வைத்ததில் மேல்தள மரவேலை பெரும்பாலும் அழிந்தது. முன்பே எடுத்து வைத்திருந்த அளவு வரைபடங்கள் கைகொடுத்தன. 2013-ல் வாசல் மீண்டும் திறந்தது.

இசைக்கு அதெல்லாம் போதாது. 1464-ல் இந்த வழிபாட்டுக்கென ஏற்கப்பட்ட இசை அது. அதில் புலி வடிவ மரக்கருவி ஒன்று உண்டு. தலையில் மூன்று தட்டு, அப்புறம் முதுகுப் பற்களின் மேல் பிளந்த மூங்கிலால் ஒரு இழுப்பு. இசை முடிந்தது என்று அர்த்தம். அந்த இழுப்பின் வேகத்தை எந்த வரைபடத்தில் எழுதி வைப்பது? அதனால் இங்கே அரசு ஆட்களையும் அங்கீகரிக்கிறது. தேர்ந்த கலைஞர்களுக்கு உதவித்தொகை தந்து, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கிறது.

எனக்கு இந்த இரண்டாவது முறைதான் மேலாகப் படுகிறது. எரிந்த வாசலைத் திரும்பக் கட்டியதும் அப்படி அங்கீகாரம் பெற்ற தச்சர்கள், கல் தச்சர்கள், ஓடு செய்பவர்களின் கைகள்தானே!

எண்கள் தரவரிசை போலத் தோன்றியதால், 2021-ல் அவற்றைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டார்கள். நல்ல முடிவு.